ஒப்பாரியிலிருந்து ஒரு பெயரை எடுத்தது

சென்ற மாதம், என் பழைய தொழிலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் தன் கணிப்பொறியில் எனக்கு ஒரு வித்தை காட்டினாள். ஒரு நடிகர் "குமார்" என்று யாரையோ அழைக்கிறார். அவள் ஏதோ தட்டினாள். அதே குரல், அதே மூச்சு, இப்போது "சேகர்" என்றது. உதட்டசைவும் மாறிவிட்டிருந்தது. "உங்க காலத்துல ஒரு பேரை மாத்தணும்னா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். படத்தொகுப்பில் கழித்த இத்தனை ஆண்டுகளில் ஒரு பெயரை மட்டும் நீக்கியாக வேண்டும் என்று எனக்கு ஒரே ஒரு முறைதான் நேர்ந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அவளுக்காக எழுதுவது.

நான் மதுரைக்காரி. அப்பா பள்ளி ஆசிரியர். நான் கல்லூரி விரிவுரையாளர் ஆவேன் என்று நம்பிக்கொண்டிருந்தவர். சென்னையில் திரைப்படக் கல்வி நிலையத்தில் படத்தொகுப்பு படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "அதுவும் ஒரு படிப்புதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். போக விட்டார். படிப்பு முடிந்ததும் கோடம்பாக்கத்தில் கோதண்டம் சாரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன்.

கோதண்டம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறைப் பையனிலிருந்து தயாரிப்பாளர் வரை எல்லாரையும் "நீங்க" என்றுதான் அழைப்பார். காலையில் வந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் உலரும்வரை விரல்களை விரித்தபடி நிற்பார். எந்தக் காட்சியையும் மூவியோலா என்ற படத்தொகுப்புக் கருவியில் முழுதாக ஓட்டிப் பார்க்காமல் கத்தரியை எடுக்க மாட்டார். ஒலிப்பட்டையைத் தொடும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுவார். காந்தப்பூச்சுள்ள பட்டை அது. இரும்பு பக்கத்தில் வந்தால் ஒலியில் கரகரப்பு ஏறிவிடும். அதற்கென்றே பித்தளைக் கத்தரி ஒன்று வைத்திருந்தார். அதை வேறு எதற்கும், ஒரு நூலை நறுக்கக்கூட, பயன்படுத்த விட மாட்டார். ஒலியைக் கேட்கும்போது கண்களை மூடிக்கொள்வார். தூங்குகிறாரோ என்று புதியவர்கள் நினைப்பார்கள், நானும் நினைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரகுநாதன் என்ற இளம் இயக்குநர் அவரிடம் வந்தார். மதுரையிலேயே எடுக்கப்போகும் ஒரு கொலைப்படம். ஆனால் சிரிப்பும் கசப்பும் கலந்த கொலைப்படம். ஒரு டுடோரியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை, முகம் முழுக்கச் சாக்கட்டித் தூள் பூசிய ஒருவன், மதிப்பெண் குறைந்தவர்களிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கத்தியால் குத்திக் கொல்கிறான். செய்தி கேட்ட பெற்றோர் முதலில் கேட்பது, "எத்தனை மார்க்கு?" என்பதுதான். துப்பறிய வந்த போலீஸ் அதிகாரி, செத்த பையனின் விடைத்தாளைப் பார்த்து, "அப்படின்னா சரிதான்" என்று கிளம்பிவிடுகிறார். கதையைக் கேட்ட கோதண்டம் சார் நெடுநேரம் சிரித்தார். படப்பிடிப்பில் காட்சித் தொடர்ச்சியைப் பார்த்துக்கொள்ள, உள்ளூர்க்காரி என்பதால், என்னை அனுப்பினார்.

தொல்லைகளுக்குக் குறைவில்லை. இரத்தத்துக்கு நன்னாரி சர்பத்தில் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள். பிணமாகக் கிடந்த பையனை எறும்பு மொய்த்து, கொலைகாரன் வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே பிணம் எழுந்து ஓடிவிட்டது. திருப்பரங்குன்றத்து மலையடிவாரத்தில் ஒரு "சடலத்தை"ப் பார்த்து யாரோ பதறி ஓடிச் சொல்ல, சைக்கிளில் ஒரு காவலர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "கொன்னவன் எங்கடா?" என்றார். யூனிட் மொத்தமும் மரத்தடியைக் காட்டியது. அங்கே சாக்கட்டி முகத்தோடு இட்லி தின்றுகொண்டிருந்த மனிதர் இலையோடு எழுந்து நின்று, "சார், நான் கார்ப்பரேஷன் குமாஸ்தா சார். மூணு நாள் லீவு போட்டு வந்திருக்கேன்" என்றார். காவலரும் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகளாக நடித்தவர்கள் உண்மையிலேயே டுடோரியலில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருத்தி தெய்வானை. திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வீடு. அப்பா ரயில்வே ஊழியர். பிளஸ் டூ கணக்கில் தவறி, மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டியில் இருந்த தாய்மாமன் மகன் முத்துராசுவுக்கு அவளைக் கொடுப்பதாகப் பேச்சு. அவன் மதுரை டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அந்தப் பஸ் படப்பிடிப்பு நடக்கும் தெருவைக் கடந்தால் மற்றப் பெண்கள், "ஏய், மாப்ள பஸ்ஸு போகுது, கையக் காட்டுடி" என்று கத்துவார்கள். அவள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வாள். அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். "பாஸ் பண்ணு, அப்புறம் பரிசம் போடலாம்னு சொல்லியிருக்காருக்கா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, வெட்கத்தை மறைப்பதற்காக, ஒரு கணக்கைக் காட்டிச் சந்தேகம் கேட்டாள்.

அவள் அம்மா பாக்கியத்தம்மாள் ஒவ்வொரு நாளும் துணைக்கு வருவார். கொலைக்காட்சிகளை அவர் சிரித்துக்கொண்டே பார்த்தார். அதற்குக் காரணம் திரைப்படத் தொழிலில் உள்ள ஒரு வழக்கம். பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படச்சுருளில் பிடிப்பார்கள். செத்ததாக நடித்த தோஷம் அதோடு கழிந்ததாக நம்பிக்கை. ரகுநாதனுக்கு அதில் நம்பிக்கையில்லை. பிலிம் வீணாகிறதே என்று முணுமுணுப்பார். ஒளிப்பதிவாளர் கேட்க மாட்டார். எறும்பு கடித்த பையன் சிரித்தான். குளத்தங்கரையில் கிடந்த பெண் பல்லில் ஒட்டிய சாயத்தோடு சிரித்தாள். எங்கள் அறைக்கு வந்த சுருள்களின் முடிவிலெல்லாம் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும்.

தெய்வானை ஏற்ற பாத்திரத்தின் பெயர் ஷீலா. முதலில் எழுதிய கதையில் அவள் சாவது திரையில் வராது. பாதிப் படம் முடிந்த பிறகு ரகுநாதனுக்கு ஒரு யோசனை தோன்றியது. முழுச் சாவு வீடு ஒன்று வேண்டும். அதில் செத்த பெண்ணின் மதிப்பெண்களைச் சொல்லி ஒப்பாரி வைக்க வேண்டும். அதை உண்மையான ஒப்பாரிப் பெண்களே பாட வேண்டும். பாட்டைக் களத்திலேயே பதிவுசெய்ய வேண்டும். தயாரிப்பு நிர்வாகி மாணிக்கம் பாக்கியத்தம்மாளிடம் பேசினார். அவர் வெகுநேரம் தயங்கினார்.

"கல்யாணம் பேசியிருக்க பிள்ளைண்ணே. பாடையில படுக்க வைக்கவா?"

"நடிப்புத்தானக்கா. படுத்து எந்திரிச்சு ஒரு சிரிப்புச் சிரிச்சிருச்சுன்னா அதோட கழிஞ்சுச்சு. மத்த பிள்ளைக நாலும் நல்லாத்தான இருக்கு?"

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் சரியென்றார்.

செல்லூரில், விசைத்தறிகள் நிறைந்த ஒரு சந்தில் இடம் பார்த்தார்கள். தறிச்சத்தத்தில் எதையும் பதிவுசெய்ய முடியாது. மாணிக்கம் தறிக்காரர்களைக் கெஞ்சி, ஒரு பிற்பகல் முழுதும் தறிகளை நிறுத்தச் சம்மதிக்க வைத்தார். நின்ற தறிகளை விட்டு, ஆணும் பெண்ணுமாகச் சந்து மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அவர்களிலேயே பலரைத் துக்கம் கேட்க வந்தவர்களாக உட்கார வைத்தார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து குருவம்மாள் என்ற பெண்ணும் அவரோடு மூவரும் பாட வந்திருந்தார்கள். ரகுநாதன் தான் எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"இயற்பியலில் எழுபதுன்னா? அது எந்த ஊருச் சாமான் சாமி?" என்றார் குருவம்மாள். சந்தே சிரித்தது.

"பாடம்மா அது. சரி, உங்களுக்குத் தோணுறபடி பாடுங்க. பள்ளிக்கூடம், படிப்பு, இதெல்லாம் வந்தாப் போதும். பொண்ணு பேரு ஷீலா."

"சீலாவா? அது இழுத்துப் பாட நிக்காதே. வாயத் தெறக்கையிலயே முடிஞ்சு போகுதே."

"பரவாயில்லை, முயற்சி பண்ணுங்க."

ஒலிப்பதிவாளர் முதலில் அந்தச் சந்தின் அமைதியைத் தனியாகக் கொஞ்சம் பதிவுசெய்துகொண்டார். இடைவெளிகளை நிரப்ப அது தேவைப்படும். தெய்வானையைப் பாடையில் கிடத்தி, மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற தோழிகள், "தெய்வானை, கண்ணைத் தொறக்காதடி! தெய்வானை, மூச்சு விடாத!" என்று அடங்கிய குரலில் அதட்டிக்கொண்டிருந்தார்கள். குருவம்மாள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, மயிரை ஒதுக்கிவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா ஓடத் தொடங்கியது. அவர் பாடினார்.

தங்கச் சிலேட்டெடுத்துத்
தனிவழியே போனியோ
பள்ளிக்கொடம் போன மக
பாடையில வந்தியோ
எந் தெய்வான, கண்ணே
தெய்வான...

பாடியவருக்குத் தான் பெயரை மாற்றியது தெரியவில்லை. மற்ற மூவரும் அதே பெயரை வாங்கிக்கொண்டு மாரில் அடித்தார்கள். தறிகள் நின்ற அந்த அமைதியில் பெயர் சந்தின் கோடிவரை தெளிவாகக் கேட்டது. துக்கக்காரர்களாக உட்கார்ந்திருந்த பெண்கள் சிலர் உண்மையாகவே அழத் தொடங்கிவிட்டார்கள். மறுமுறையும் அதற்கு அடுத்த முறையும் பெயர் வந்தது. ரகுநாதன் நிறுத்தச் சொல்லவில்லை.

நிறுத்தியவர் பாக்கியத்தம்மாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து, "ஏய், நிறுத்துங்கடி! எம்பிள்ள உசுரோட கெடக்கா! எம்பிள்ள உசுரோட கெடக்காடி!" என்று அலறியபடி ஓடிவந்து, மாலையைப் பிய்த்து எறிந்து, மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கி, மகளைத் தூக்கி உட்கார வைத்தார். தெய்வானை பயந்துபோய் விழித்தாள். ஒளிப்பதிவாளர் மட்டும், "சிரிக்கச் சொல்லுங்க, ஒரே ஒரு தடவை சிரிக்கச் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் முயன்றாள். வாய் கோணி, அழுகைதான் வந்தது. அதற்குள் சுருள் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை பாக்கியத்தம்மாள் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீதானம்மா அந்தப் பிலிம வெட்டி ஒட்டுற பொண்ணு?"

"எங்க சார்தாம்மா. நான் அவருக்கு உதவி."

"அந்தப் பேர மட்டும் எடுத்திரும்மா. எங்க மதினி, அதான் முத்துராசு ஆத்தா, அவ காதுல விழுந்துச்சுன்னா பரிசம் நின்னு போகும். பேரச் சொல்லி ஒப்பாரி வச்சுட்ட பொண்ண எப்படிக் குத்துவெளக்கு ஏத்தச் சொல்லுறதும்பா. அது கெடக்கட்டும்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு தடவ பாடுனதையே என்னால தாங்க முடியல. நீங்க படமா ஓட்டுனா தினம் நாலு ஆட்டம். தினம் நாலு தடவ எம்பிள்ளைக்கு ஒப்பாரியா?"

சாரிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

கோடம்பாக்கத்தில் அந்தக் காட்சியை ஓட்டியபோது ரகுநாதனும் இருந்தார். காட்சி முடிந்ததும், "சார், இதில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. இந்தப் படத்தில் நான் எழுதாத இடம் இது ஒன்றுதான். உண்மையாக இருப்பதும் இது ஒன்றுதான்" என்றார். அவர் கெட்டவர் அல்ல.

கோதண்டம் சார் கண்களைத் திறக்காமல் இருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அந்தம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். தினம் நாலு ஆட்டம் என்ற இடத்தில் அவர் கை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ரகு, நீங்க சொல்றது சரி. உண்மைதான். அதனாலதான் அது நம்மது இல்லை."

"இயக்குநர் நான், சார்."

"ஆமா. நீங்க வேணாம்னு சொன்னா நான் தொட மாட்டேன். வேற ஆளை வெச்சு முடிச்சுக்குங்க. எனக்கு வருத்தமில்லை."

ரகுநாதன் வெளியே போய்விட்டார். அறை வாசலில் அவர் நிழல் அங்குமிங்கும் நடப்பது தெரிந்தது. திரும்பி வந்தபோது, தரையிலேயே உட்கார்ந்து, "பாட்டாவது இருக்கட்டும் சார்" என்றார். கோதண்டம் சார் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது. ஒலிப்பட்டையைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் இழுத்தால், ஒலி முனகலாகக் கேட்கும். தெய்வானை என்ற சொல்லில் "தெ" எங்கே தொடங்குகிறது, கடைசி "ன" எங்கே மூச்சில் கரைகிறது என்று கண்டுபிடித்து, மஞ்சள் மெழுகுப் பென்சிலால் கோடு போட வேண்டும். நேராக வெட்டினால் "டக்" என்று ஒரு சத்தம் வரும். அதனால் சாய்த்து வெட்ட வேண்டும். எடுத்த அளவுக்கே, விரற்கடை பிசகாமல், செல்லூர்ச் சந்தின் அமைதியை அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். படத்தில் குருவம்மாளின் உதடு அசைவதை மறைக்க அங்கே வேறு காட்சி வேண்டும். நின்ற தறியில் பாதி நெய்து கிடந்த துணியை ஒளிப்பதிவாளர் எடுத்து வைத்திருந்தார். அதைப் போடலாம் என்று சொன்னவர் ரகுநாதன். அம்மாவின் அலறலுக்கு முன்பே காட்சியை முடித்தோம். வெட்டிய ஒலித்துண்டுகளை கோதண்டம் சார் என்னிடம் கொடுத்து, பூச்சு முழுதையும் பிளேடால் சுரண்டிவிடச் சொன்னார். பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. அதைத் தாளில் மடித்துக் குப்பையில் போட மனம் வராமல், ஜன்னல் வழியே தோட்டத்தில் கொட்டினேன்.

ஓர் இடத்தில் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெயரும் மாரடித்த சத்தமும் மற்றவர்களின் விம்மலும் ஒன்றாகப் பின்னியிருந்தன. அந்த ஒரு வரியைத் திரும்பப் பாடவைத்து வாங்கி வர வேண்டும். ஒலிப்பதிவாளரின் உதவியாளரையும் கருவியையும் அழைத்துக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, குருவம்மாளின் ஊருக்குப் போனேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"உசுரோட இருக்க பிள்ளைய நானா பாடுனேன்? சுத்தி நின்ன பிள்ளைக அந்தப் பேரச் சொல்லித்தான தாயி கூப்பிட்டுச்சுக? சாமி பேரா இருந்துச்சு, வாயில வந்து நின்னுக்கிருச்சு. நடிப்புன்னு தெரியும். ஆனா எங்களுக்கு நடிப்பா அழுகத் தெரியாதே."

"அந்த ஒரு வரியை மட்டும் ஷீலான்னு பாடித் தாங்கம்மா."

"சீலா யாரு? அப்படி ஒரு ஆளு இல்லையே. ஒரு ஆள நெனைக்காம எனக்கு வராது."

கருவியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பிறகு, "பேரு வேணாம். மகளேன்னு பாடுறேன். எனக்கு ஒருத்தி இருந்தா" என்றார். பாடினார். பதிவுசெய்யும்போது உதவியாளர் தலை குனிந்துகொண்டார். முடிந்ததும் குருவம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆத்தாகிட்டச் சொல்லு. எங்க நாலு பேரு வாயிலருந்தும் இது வெளிய போகாது" என்றார். அவர்கள் வாயிலிருந்து போகவும் இல்லை. படத்தின் அந்த வரியில் இருப்பது அவர் மகளுக்கான ஒப்பாரி. அந்த மகளின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

படம் மதுரையில் வெளியானது. சுருளை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்து, பெயர் எங்கும் இல்லை என்று பாக்கியத்தம்மாளுக்கு நானே சொல்லியிருந்தேன். அவர் அதை முழுமையாக நம்பினார். நம்பியதால் உசிலம்பட்டியிலிருந்து மதினியையும் முத்துராசுவையும் படம் பார்க்க வரச் சொன்னார். ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டால் பேச்சு உறுதியாகிவிடும் என்பது அவர் எண்ணம். முதல் நாள் மதியக் காட்சி. முத்துராசு ஆண்கள் பக்கம் போனான். பெண்கள் பக்கத்தில் மதினி, பாக்கியத்தம்மாள், தெய்வானை, நான் என்று வரிசையாக உட்கார்ந்தோம். தெய்வானை புதிதாகக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள்.

செல்லூர்ச் சந்து முழுதும் அங்கே வந்திருந்தது. அவர்கள் முகம் வருகிற படமல்லவா? தறிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, தங்கள் வாசற்படி திரையில் தெரிந்ததற்கே விசில் அடித்தார்கள். "ஏ, எங்க சித்தப்பாடி!" "அண்ணே, உங்க சைக்கிளு!" சாவு வீடு வந்தது. குருவம்மாள் பாடத் தொடங்கினார். கூட்டம் மெல்ல அடங்கியது. தங்கச் சிலேட்டு, தனிவழி, பள்ளிக்கொடம், பாடை. பெயர் இருந்த இடம் வந்தது. திரையில் பாதி நெய்த துணி. கேட்டதோ நாங்கள் அளந்து ஒட்டிய அமைதி.

அந்த அமைதிக்குள் முன்வரிசைப் பெண்கள் சிலர், பாட்டின் இழுப்பு மாறாமல், "தெய்வான... கண்ணே தெய்வான..." என்று பாடிவிட்டார்கள்.

அன்று சந்தில் கேட்டது அவர்கள் மனதில் அப்படியே நின்றிருந்தது. பெயர் விட்டுப்போனது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. "ஏய், தெய்வானைடா! நம்ம தெய்வானை!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கத்தினார்கள். அடுத்த முறை அந்த இடம் வந்தபோது கொட்டகையில் பாதி அதற்காகக் காத்திருந்தது. எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். அதில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. தங்கள் சந்தில் படுத்து நடித்த பெண் மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் அது. குருவம்மாள் "மகளே" என்று பாடிய இடத்தில்கூட, அந்தச் சொல்லுக்கு மேலே, அவர்கள் குரலே எழும்பி நின்றது.

தெய்வானை திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். மதினி திரும்பி அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் செல்லூர்ப் பெண்கள் தெய்வானையைச் சூழ்ந்துகொண்டு, கன்னத்தைத் தடவி, "வீட்டுக்கு வாத்தா, காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று இழுத்தார்கள். மதினி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. முத்துராசு சற்றுத் தயங்கி நின்றான். தாய் நடந்துவிட்டதைப் பார்த்து அவனும் நடந்தான். அந்தச் சம்பந்தத்தைப் பற்றி அதன் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. அந்த ஆவணியிலேயே அவனுக்கு வேறு இடத்தில் முடிந்தது.

கோதண்டம் சாரிடம் தொலைபேசியில் சொன்னேன். "எந்த இடத்துல கூப்பிட்டாங்க?" என்று கேட்டார். நாம் அமைதி ஒட்டிய இடத்தில் என்றேன். "இடம் விடாம எடுத்திருக்கணும்" என்றார். பிறகு, "எப்படி எடுத்திருந்தாலும் கூப்பிட்டிருப்பாங்க" என்று அவரே சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

படம் ஓடவில்லை. மறு வெள்ளிக்கிழமை வேறு படம் போட்டுவிட்டார்கள். அதைச் சொல்வதற்காக அடுத்த நாள் காலை திருப்பரங்குன்றம் போனேன். எனக்கு வேறு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. பாக்கியத்தம்மாள் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"படத்தை எடுத்துட்டாங்கம்மா. இனி எங்கயும் ஓடாது."

"அப்படியா?" என்றார். "சாப்பிட்டுத்தான் போகணும்."

என் மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கலாம். காட்டவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாசஞ்சர் ரயில் வீட்டை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போய் ஓய்ந்ததும் அவர் தலையை நிமிர்த்தி, "தெய்வானை!" என்று கூப்பிட்டார்.

பின்கட்டிலிருந்து, "இருக்கேன்மா" என்று குரல் வந்தது.

ஏதோ வேலைக்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அவளும் உள்ளே வரவில்லை. நான் பார்ப்பதைக் கண்டு, கீரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்:

"காலை ஆட்டத்துல அந்தப் பாட்டு வாரது இந்த ரயிலு போற நேரத்துக்குத்தான். அங்கன அம்புட்டுப் பேரும் கூப்புடுறாக. இங்கன ஒரு தரம் நான் கூப்பிட்டு விடுறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும்."

"படந்தான் இப்போ இல்லையேம்மா."

"தெரியுதும்மா" என்றார்.

மாலை நான்கு மணி வாக்கில், மதிய ஆட்டம் பாதி ஓடியிருக்கும் நேரத்தில், கிளம்பினேன். தெய்வானை பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். கணக்குத் தேர்வுக்கு மறுபடி பணம் கட்டியிருப்பதாகச் சொன்னாள். முத்துராசுவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டோம். அப்போது பின்னாலிருந்து, வீடுகளுக்கு மேலாக, பாக்கியத்தம்மாளின் குரல் வந்தது.

அவள் பேச்சைப் பாதியில் நிறுத்தித் திரும்பினாள். வாயருகே கையைக் குவித்து, சைக்கிள்களுக்கும் வண்டிகளுக்கும் மேலே கேட்கும்படி, "இருக்கேன்மா!" என்று கத்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்து வாரது பெரியார் ஸ்டாண்டு போற பஸ்ஸுக்கா, அதுலயே ஏறிக்கங்க" என்றாள்.